பழைய காரில் கோளாறு: அக்கம்பக்க ஒர்க்‌ஷாப்பா, ஏஜென்டா, ஜோகூரா?

சிங்கப்பூரில் பத்து வயது தாண்டிய காரை வைத்திருப்பவர் ஏதோ ஒரு கணக்குப் போட்டுத்தான் வைத்திருக்கிறார். பத்து வயதுக்குள் காரின் பதிவை ரத்து செய்தால் கிடைக்கும் பார்ஃப் கழிவை விட்டுக்கொடுத்து, மூன்று மாதச் சராசரி விலை கட்டி, காரைச் சாலையில் ஓட்டும் உரிமையான சிஓஇ-யைப் புதுப்பித்திருக்கிறார். சாலை வரியில் கூடுதல் கட்டணம் பத்து வயதுக்கு மேல் 10 விழுக்காட்டில் தொடங்கி ஆண்டுக்கு ஆண்டு ஏறி, பதினான்கு வயதுக்கு மேல் 50 விழுக்காட்டில் நிற்கிறது. அதையும் ஏற்றுக்கொண்டார். ஈராண்டுக்கு ஒருமுறை இருந்த கட்டாயப் பரிசோதனை இப்போது ஆண்டுதோறும். இவ்வளவையும் யோசித்தவர் தடுமாறுவது டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும் அன்றுதான். இதை யாரிடம் காட்டுவது? பக்கத்து ஒர்க்‌ஷாப்பிலா, அந்தப் பிராண்டின் அதிகாரபூர்வ ஏஜென்டிடமா, எல்லைக்கு அப்பால் மலேசியாவின் ஜோகூரிலா?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘எங்கே மலிவு’ என்று கேட்பதற்கு முன்னால் ‘என்ன பழுது என்று தெரியுமா, தெரியாதா’ என்று கேட்க வேண்டும். பழுது இன்னதென்று தெரிந்துவிட்டால் வண்டியை மலிவான இடத்துக்குத் தாராளமாகக் கொண்டு போகலாம். தெரியாத பழுதோடு மலிவான இடத்துக்குப் போனால் ஒவ்வொரு பொருளாக மாற்றிப் பார்ப்பார்கள். மாற்றிய ஒவ்வொன்றுக்கும் காசு நம்முடையது. கண்டுபிடிப்பதையும் சரிசெய்வதையும் இரண்டு தனி வேலைகளாகப் பார்த்தால், எந்த இடம் எதற்கு என்பது பாதி தெளிவாகிவிடும்.

ஒரு விதிவிலக்கு. காரை விற்பனையாளரிடம் வாங்கி ஆறு மாதம் ஆகவில்லையென்றால் எந்த ஒர்க்‌ஷாப்புக்கும் முதலில் போகாதீர்கள். விற்றவரிடம் போங்கள். 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கும், குறையுள்ள பொருளுக்கு விற்றவரைப் பொறுப்பாக்கும் லெமன் சட்டம் பழைய கார்களுக்கும் பொருந்தும். ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, கொடுக்கும்போதே இருந்தது என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்ட வேண்டியது விற்றவர் பாடு. நீங்களே வேறிடத்தில் பிரித்துப் பார்த்துவிட்டால் அந்த வாதம் பலவீனமாகிவிடும். வயதுக்கு ஏற்ற தேய்மானம் இதில் சேராது. தனியார் ஒருவரிடம் நேரடியாக வாங்கியிருந்தாலும் இந்தப் பாதுகாப்பு கிடையாது.

முதலில் நம் கையில் இருப்பது

ஸ்கேனர் வாங்குவதா வேண்டாமா என்று நண்பர்கள் கேட்பார்கள். வாங்கலாம். ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகி, புளூடூத் வழியாகக் கைப்பேசியில் பார்க்கும் சின்னக் கருவி இணையத்தில் மலிவாகவே கிடைக்கிறது. விலை குறைந்த கருவிகள் பெரும்பாலும் எஞ்சின் கணினியை மட்டும்தான் படிக்கும். ஏபிஎஸ், ஏர்பேக், கியர்பாக்ஸ் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. அந்த வரம்பு தெரிந்து வாங்கினால் ஏமாற்றம் இல்லை.

பலர் தவறுவது ஸ்கேனர் காட்டும் பழுதுக் குறியீட்டைப் படித்த பிறகு. பி0171 என்று வந்தால் எஞ்சினுக்குள் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று பொருள். உடனே ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொல்லி இணையத்தில் பத்துப் பேர் எழுதியிருப்பார்கள். காற்றுக் குழாயில் விரிசல், அழுக்கேறிய காற்றளவு சென்சார், தளர்ந்துபோன பெட்ரோல் பம்ப் எல்லாமே இதே குறியீட்டைத் தரும். பிரித்தறிய வழி இருக்கிறது. ஸ்கேனரில் எரிபொருள் திருத்த விழுக்காட்டை, அதாவது கணினி பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்பதைப் பாருங்கள். வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும்போது அது அதிகமாகவும், நிமிடத்துக்கு 2,500 சுற்றுக்கு உயர்த்தும்போது குறைவாகவும் இருந்தால் எங்கோ காற்று கசிகிறது. மேட்டில் ஏறும்போது, வேகம் எடுக்கும்போது அதிகமானால் பம்ப் பக்கமோ காற்றளவு சென்சார் பக்கமோ பாருங்கள்.

பி0301 என்றால் முதல் சிலிண்டரில் எரிப்புத் தவறுகிறது. அந்த சிலிண்டரின் பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலைக் கழற்றி மூன்றாம் சிலிண்டரில் போட்டு, அங்கிருந்ததை இங்கே போடுங்கள். அடுத்த முறை பி0303 வந்தால் காயில்தான் குற்றவாளி. மறுபடியும் பி0301 என்றால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று தேட வேண்டும். நான்கு காயிலையும் ஒன்றாக மாற்றச் சொல்லும் கடைக்காரரிடம் இந்தச் சோதனையைச் சொல்லிப் பாருங்கள், பேச்சின் தொனியே மாறும். எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் மட்டும் சோதனை எதுவும் வேண்டாம், ஓட்டுவதை நிறுத்துங்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதையும் கெடுத்துவிடும்.

அப்புறம், மெக்கானிக்கிடம் போவதற்கு முன் குறியீட்டை அழிக்காதீர்கள். விளக்கு எரிந்த நொடியில் எஞ்சின் சூடு, வேகம், சுற்று எவ்வளவு என்பதையும் கணினி சேர்த்து வைத்திருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும்.

மல்டிமீட்டர் ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். நம் வெயிலில் பேட்டரி இரண்டு மூன்று ஆண்டு தாங்கினாலே பெரிது. பெரும்பாலும் வார இறுதியில் ஓடும் சிவப்பு எண்பலகைக் கார்களுக்கு இன்னும் மோசம். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் நல்லது, 12.2-க்குக் கீழே என்றால் சந்தேகம். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். வரவில்லையென்றால் புதுப் பேட்டரி போட்டும் பயனில்லை, பேட்டரிக்கு மின்னேற்றும் ஆல்டர்னேட்டரைப் பார்க்க வேண்டும். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) பல மாடிக் கார் நிறுத்துமிடத்துக்கே வந்து பேட்டரி மாற்றுபவர்களிடம் இந்த இரண்டாவது எண்ணைக் கேளுங்கள். அளக்காமல் மாற்றுபவர் பேட்டரி விற்க வந்தவர், அவ்வளவுதான்.

அக்கம்பக்க ஒர்க்‌ஷாப்

சின் மிங், உபி, காக்கி புக்கிட், புக்கிட் பாத்தோக் என்று தொழிற்பேட்டைகளின் தரைத்தளத்தில் இருக்கும் சின்ன ஒர்க்‌ஷாப்களைச் சொல்கிறேன். பழைய ஜப்பானிய கார் வைத்திருப்பவருக்கு இதுதான் முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். விலை மட்டும் காரணமல்ல, பக்கத்தில் இருக்கிறது. பழைய காரின் கோளாறு பாதி நேரம் ஒளிந்து விளையாடும். காலையில் குளிர்ந்த எஞ்சினில் மட்டும் வரும், மழைநாளில் மட்டும் வரும், ஹம்ப்பில் ஏறும்போது மட்டும் ‘டொக்’ என்று கேட்கும். ஒர்க்‌ஷாப் வாசலில் போய் நின்றதும் வண்டி சமத்தாகிவிடும். ‘அண்ணே, சத்தம் இப்ப வரலையே’ என்று மெக்கானிக் சிரிப்பார். பத்து நிமிடத் தொலைவில் இருந்தால் நாளை காலை மறுபடி போகலாம், இரவு வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வரலாம், அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு சுற்றுப் போகலாம்.

அவரிடம் என்ன சொல்கிறோம் என்பதும் முக்கியம். ‘சத்தம் வருது’ என்றால் போதாது. எந்த வேகத்தில், ஏர்கான் போட்டா போடாமலா, பிரேக் மிதிக்கும்போதா விடும்போதா, எந்தப் பக்கம் திரும்பும்போது என்று குறித்துக்கொண்டு போங்கள். வேகத்தோடு ஏறும் ‘ஊம்’ சத்தம் இடதுபுறம் வளையும்போது அதிகமானால் வலது சக்கர பேரிங்கைச் சந்தேகிக்கலாம், எடை அந்தப் பக்கம் சாய்வதால். ஸ்டியரிங்கை முழுதும் ஒடித்துத் திரும்பும்போது ‘கட கட’ என்றால் டிரைவ் ஷாஃப்ட் முனை. சிவப்பு விளக்கில் கியர் டி-யில் (டிரைவ்) நிற்கும்போது வண்டி நடுங்கி, என்-க்கு (நியூட்ரல்) மாற்றியதும் நடுக்கம் போய்விட்டால் பெரும்பாலும் எஞ்சினைத் தாங்கும் ரப்பர் பிடிப்பான எஞ்சின் மவுன்ட். என்-இலும் நடுக்கம் தொடர்ந்தால் எரிப்புத் தவறு. நண்பர் ஒருவரின் காரில் இதே நடுக்கத்துக்குப் பிளக், காயில், த்ராட்டில் சுத்தம் என்று வரிசையாகச் செய்தார்கள். டி, என் வித்தியாசத்தை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ரப்பர் கிழிந்த மவுன்ட்டைக் கடைசியில் கண்டுபிடித்தது, அவர் டயர் மாற்றப் போன இடத்தில் நின்ற இளைஞர்.

இத்தகைய இடங்களின் குறை, ஆள் சார்ந்தது என்பதுதான். நல்ல அங்கிள் ஒருவர் இருக்கும்வரை நல்ல ஒர்க்‌ஷாப். அவர் ஓய்வு பெற்றால் போர்டு மட்டும்தான் அதே. ஐரோப்பிய கார் என்றால் அந்தப் பிராண்டுக்கான கணினிக் கருவி அவரிடம் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் கோளாறைக் காதால் கேட்டுக் கண்டுபிடிக்க முடியாது.

ஏர்கான் தனிக் கதை. பொது ஒர்க்‌ஷாப்பில் ‘கேஸ் குறைஞ்சிருக்கு, ஏத்திடலாம்’ என்பார்கள். ஏர்கான் கேஸ் பெட்ரோல் போலத் தீர்ந்துபோகும் பொருள் அல்ல. குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது. கசிவைத் தேடாமல் ஏற்றினால் சில வாரத்தில் மறுபடி அதே வெக்கை. வண்டி ஓடும்போது குளிர்ந்து, நெரிசலில் நிற்கும்போது சூடான காற்று வந்தால் கண்டென்சர் ஃபேனைப் பார்க்கச் சொல்லுங்கள். நீண்ட நேரம் ஓட்டிய பிறகு காற்றே வராமல் அடைத்து, நிறுத்திக் கொஞ்ச நேரம் கழித்துப் போட்டால் சரியானால் உள்ளே கூலிங் காயிலில் பனி கட்டுகிறது. காயிலே ஓட்டையென்றால் பல கார்களில் டேஷ்போர்டைக் கழற்ற வேண்டியிருக்கும். கூலிதான் பெரிய செலவு. ஆகவே இதற்கு ஏர்கான் மட்டுமே பார்க்கும் கடை நல்லது. சாயம் ஏற்றி ஒழுகும் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

ஏஜென்ட்

பழைய காரை ஏஜென்டிடம் கொண்டுபோவது பணத்தைக் கொட்டுவது என்று பொதுவாகச் சொல்வார்கள். சரிசெய்வதைப் பொறுத்தவரை பெரும்பாலும் உண்மைதான். ஒரு சின்ன வால்வு கெட்டால் அது பொருந்திய முழு அமைப்பையும் மாற்ற விலை சொல்வார்கள். ஆனால் கண்டுபிடிப்பதற்கு மட்டும் என்றால் நான் அவர்கள் பக்கம். தயாரிப்பாளரின் சொந்தக் கருவி இருக்கிறது, அதே மாடலில் திரும்பத் திரும்ப வரும் கோளாறுகளைப் பற்றித் தயாரிப்பாளர் அனுப்பும் குறிப்புகள் இருக்கின்றன. பரிசோதனைக்கு மட்டும் கட்டணம் கட்டி, முடிவை எழுத்தில் வாங்கிக்கொண்டு, ‘யோசித்துச் சொல்கிறேன்’ என்று வந்துவிடலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பலர் அந்தப் பரிசோதனைக் கட்டணத்தை வீண் என்று நினைத்து, தேவையில்லாத இரண்டு சென்சாருக்கு அதைவிட அதிகம் கொடுக்கிறார்கள்.

மூன்று விஷயத்துக்கு ஏஜென்ட் கட்டாயம் என்பேன். ஏர்பேக் விளக்கு, ஹைப்ரிட் பேட்டரி, குறையுள்ள கார்களைத் தயாரிப்பாளர் திரும்ப அழைக்கும் அறிவிப்பு. தகாட்டா நிறுவனத்தின் குறையுள்ள ஏர்பேக் விவகாரத்தில் உலகெங்கும் கோடிக்கணக்கான கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. கை மாறி வந்த பழைய காரில் அந்த வேலை நடந்ததா என்று முந்தைய உரிமையாளருக்கே தெரியாமல் இருக்கலாம். அதை இலவசமாகவே செய்து தருவார்கள். ஏஜென்ட் அல்லாத வேறொருவர் கொண்டுவந்த இணை இறக்குமதிக் கார் என்றால் மட்டும் ஏற்றுக்கொள்வார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். ஹைப்ரிட்டைப் பொறுத்தவரை, பேட்டரித் தொகுதிகளுக்கு இடையே வோல்ட் வித்தியாசம் எவ்வளவு என்ற அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். சில சமயம் பேட்டரியைக் குளிர்விக்கும் ஃபேனின் வடிகட்டியில் தூசி அடைத்திருப்பதுதான் காரணமாக இருக்கும்.

ஆண்டுப் பரிசோதனையில் தேறிவிட்டது என்பதை இதற்கெல்லாம் பதிலாக நினைக்க வேண்டாம். விகோம், எஸ்டிஏ, ஜேஐசி ஆகிய நிலையங்களில் பிரேக், புகை, சக்கர நேர்மை, அடிப்பாகம் போன்றவற்றைத்தான் பார்க்கிறார்கள். வண்டி அன்று சாலையில் ஓடத் தகுதியா என்பதே கேள்வி. கியர்பாக்ஸ் இன்னும் எத்தனை மாதம் வரும் என்பது அவர்கள் கவலையல்ல.

ஜோகூர்

எல்லாரும் கேட்கும் கேள்விக்கு வருவோம். சிங்கப்பூர் வெள்ளிக்கும் மலேசிய ரிங்கிட்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் கூலி மலிவு என்பதை யாரும் மறுக்க முடியாது. அங்கே தமிழ் மெக்கானிக்குகள் நிறைய. நம் மொழியிலேயே சத்தத்தைச் சொல்லிக் காட்டலாம். பழைய கார்களை வெட்டிக் கொண்டுவந்து விற்கும் ஹாஃப்-கட் கடைகளில், இங்கே புதிதாக வாங்கினால் கட்டுப்படியாகாத பாகங்கள் கிடைக்கும். அப்சர்பர், புஷ், எஞ்சின் மவுன்ட், டைமிங் பெல்ட், பெயின்ட், சீட் உறை என்று செய்ய வேண்டியது இன்னதென்று பட்டியல் கையில் இருந்தால் நானும் அங்கேதான் போவேன்.

பட்டியல் இல்லாமல் போகக்கூடாது என்பதுதான் விஷயம். விட்டுவிட்டு வரும் கோளாறு அங்கே வேலைக்கு ஆகாது. சனிக்கிழமை கொண்டுபோய், மாலைக்குள் எடுத்து வர வேண்டும் என்ற அவசரத்தில் மெக்கானிக் ஏதோ ஒன்றை மாற்றுவார். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி தாண்டி வரும்போது சத்தம் மறுபடி கேட்கும். திரும்பப் போக இன்னொரு சனிக்கிழமை, இன்னொரு நெரிசல். உத்தரவாதம் இருக்கிறது என்பார், உண்மையாகவே இருக்கும். ஆனால் அதைப் பயன்படுத்த எல்லை தாண்ட வேண்டும்.

எஞ்சின் சூடேறும் பிரச்சினை இருக்கும் காரை ஜோகூருக்கு ஓட்டிப்போவது எனக்குப் புரியாத துணிச்சல். இரு நாட்டையும் இணைக்கும் காஸ்வேயில் ஏர்கானைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் ஊர்வதைவிடக் கடினமான சோதனை ரேடியேட்டருக்கு வேறில்லை. பத்து வயது கார்களில் ரேடியேட்டரின் மேல்பகுதி பிளாஸ்டிக், வெயிலில் காய்ந்து நொறுங்கும் பருவத்தில் இருக்கும். சூடு காட்டும் ஊசி மேலே ஏறினால் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள், சூடு இறங்கும்வரை ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். நம் விரைவுச்சாலையில் நின்றுபோனால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வண்டி பக்கத்தில் குறிக்கப்பட்ட கார் நிறுத்துமிடம்வரை இலவசமாக இழுத்துச் செல்லும். அங்கிருந்து ஒர்க்‌ஷாப்வரை நம் செலவு. எல்லைக்கு அப்பால் நின்றால் முழுச் செலவும் நம்முடையதுதான். காப்புறுதி அங்கே எதையெல்லாம் தாங்கும் என்று முன்பே படித்துக்கொள்ளுங்கள்.

மலிவுக் கணக்கில் சேர்க்க மறப்பவையும் உண்டு. 2025 ஜூலை 1 முதல் விஇபி எனும் வாகன நுழைவு அனுமதி இல்லாத சிங்கப்பூர் கார்களுக்கு மலேசியா 300 ரிங்கிட் அபராதம் விதிக்கிறது. இங்கிருந்து கிளம்பும்போது டாங்கியில் முக்கால் பங்கு பெட்ரோல் இருக்க வேண்டும். அங்கே ரான்95 பெட்ரோல் நமக்குக் கிடையாது. இன்னொன்று கண்ணாடி ஒட்டுபடம். அங்கே அழகாகக் கருப்படித்துத் தருவார்கள். இங்கே முன் கண்ணாடியும் முன்பக்கக் கதவுக் கண்ணாடிகளும் குறைந்தது 70 விழுக்காடு வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும். புகைக்குழாய் மாற்றுவதற்கும் இதே எச்சரிக்கைதான். பரிசோதனை நாளில் இரண்டையும் கழற்ற நேரும்.

வேலை கொடுக்கும்போது பாகம் ஒரிஜினலா, ஓஇஎம்மா (கார் தயாரிப்பாளருக்குப் பாகம் செய்து தரும் நிறுவனத்துடையதா), காப்பியா என்று விலைச்சீட்டில் எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். இது ஜோகூருக்கு மட்டுமல்ல, உபிக்கும்தான்.

செய்வதா, விடுவதா

எங்கே காட்டுவது என்பதைவிடப் பெரிய கேள்வி சில சமயம் வரும். சிஓஇ முடிய எட்டு மாதம் இருக்கும்போது 2,400 வெள்ளி வேலை என்றால் மாதத்துக்கு 300. நான்கு ஆண்டு இருந்தால் அதே வேலை மாதத்துக்கு 50. ஐந்தாண்டுக்குப் புதுப்பித்த காரை மறுபடி புதுப்பிக்க முடியாது. எனவே அதன் கடைசி ஆண்டில் பிரேக், டயர், கூலன்ட் தவிர வேறெதற்கும் நான் செலவழிக்க மாட்டேன். ஏர்கான் மட்டும் விதிவிலக்கு. அது இல்லாமல் இங்கே ஓட்ட முடியாது.

கியர்பாக்ஸ் போனால் கணக்கு வேறு. பார்ஃப் இல்லையென்றாலும், பயன்படுத்தாத சிஓஇ மாதங்களுக்கான தொகை பதிவை ரத்து செய்தால் திரும்பக் கிடைக்கும். அது நாம் கட்டிய விலையில் கணக்கிடப்படும், இன்றைய விலையில் அல்ல. 2020-இல் சிறிய கார்களுக்கான ஏ பிரிவு சிஓஇ பெரும்பாலும் முப்பதாயிரங்களில் இருந்தது. 2023 அக்டோபரில் 106,000 வெள்ளியைத் தொட்டது. 2020-இல் பத்தாண்டுக்கு 35,000 வெள்ளி கட்டியவருக்கு நான்கு ஆண்டு மிச்சம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விட்டுவிட்டால் கைக்கு வருவது 14,000. அந்தத் தொகைக்கு இன்று நான்கு ஆண்டு சாலை உரிமை வாங்க முடியாது. அவர் ஜோகூரில் ஹாஃப்-கட் கியர்பாக்ஸ் போட்டாலும் இங்கே பிரித்துச் சரிசெய்தாலும், விடுவதைவிடச் செய்வது லாபம். உச்ச விலையில் புதுப்பித்தவரின் நிலைமை நேர் எதிர். சராசரி விலை இறங்கியிருக்கும் மாதத்தில் அவர் காருக்குப் பெரிய வேலை வந்தால், ஒர்க்‌ஷாப்பில் விலை கேட்ட அதே நாளில் பதிவு ரத்துத் தொகையையும் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் தளத்தில் பார்த்துவிட வேண்டும்.